இரண்டு மணிக் கட்டம்

மூன்றாம் தேதி மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்குக் காவலர் மிருதுளா கழிப்பறைக்குப் போய் வந்தாள் என்று பதிவேட்டில் எழுதியவள் நான். அவள் போகவில்லை. அன்று புறவழிச்சாலையில் நின்ற முப்பத்திரண்டு பெண் போலீஸில் ஒருத்தியும் போகவில்லை. நானும்தான்.

என் பெயர் சண்முகக்கனி. வெம்பாலூர் மகளிர் காவல் நிலையத்தில் தலைமைக் காவலர், நிலைய எழுத்தர். ரைட்டரம்மா என்று கேட்டால் கடைவீதியில் யாரும் கைகாட்டுவார்கள். இருபத்திரண்டு வருட சர்வீஸில் நான் எழுதிய ஒரு வரியை எந்த மேலதிகாரியும் அடித்துத் திருத்தியதில்லை. அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது.

பதிவேடு வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டாயிரத்து நாற்பத்தொன்றில் எல்லா மாவட்ட மருத்துவமனைகளுக்கும் இடங்காணிக் கருவி வந்தது. டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். ஒரு சொட்டுச் சிறுநீரைக் கொடுத்தால், தொற்று கீழே மூத்திரப்பையில் இருக்கிறதா, மேலே சிறுநீரகத்தில் இருக்கிறதா, வலமா இடமா என்று சொல்லிவிடும். எங்கள் ஸ்டேஷனில் அதற்கு 'மேல்கீழ்' என்றே பெயர். கீழ் என்றால் மூன்று நாள் மாத்திரை. மேல் என்றால் ஆஸ்பத்திரிக் கட்டில். அதோடு நின்றிருந்தால் நல்ல கருவி என்று கும்பிட்டுவிட்டுப் போயிருப்போம். அது இன்னொன்றையும் சொன்னது. கிருமி எந்தத் தேதியில், எந்த வேளையில் மேலே ஏறியது என்பதையும் சொன்னது.

எங்களுக்கு அதை விளக்க டாக்டர் ரஹ்மத் நிஷா ஸ்டேஷனுக்கே வந்தார். கறாரான பேச்சு, ஆனால் மனுஷி.

"கிருமி மூத்திரப்பையில மிதக்கிற வரைக்கும் அம்மணமா இருக்கும். சிறுநீரகத்துச் சதைக்குள்ள நுழைஞ்சுட்டா உடம்பு அதுக்கு எதிர்ப்புச் சட்டை ஒண்ணு போட்டுவிடும். நேரம் ஆக ஆகச் சட்டைக்கு மேல சட்டை. இந்த மெஷின் அந்தச் சட்டைகள எண்ணுது, அவ்வளவுதான். நாற்பது நாள் வரைக்கும் கணக்கு தப்பாது. அந்தக் காலத்துல இதுக்குக் குழாய விட்டு, பையைக் கழுவி, மறுபடி ஊறி வர்றதப் பத்து நிமிஷத்துக்கொரு தடவை பிடிச்சுப் பார்ப்பாங்க. கழுவின பிறகும் கிருமி வந்துட்டே இருந்தா மேல, வரலைன்னா கீழ. உங்களுக்கு அந்தப் பாடு இல்ல."

பின்வரிசையிலிருந்து பவதாரணி கேட்டாள், "எங்கள நிக்க வச்ச ஆளோட பேரையும் சொல்லுமா டாக்டர்?" எல்லோரும் சிரித்தோம். பவதாரணி பத்து வருடமாக முதல்நிலைக் காவலர். வாய் கொஞ்சம் நீளம்.

அவள் கேட்டதில் பாதி மறு வருடமே நடந்தது. பணிநோய் ஆணை வந்தது. பணி நேரத்தில் தொற்று மேலே ஏறியிருந்து, அதற்கு முந்தைய நான்கு மணி நேரத்தில் கழிப்பறை வசதி தரப்படாமலும் இருந்தால், அது பணிநோய். கலவரத்தில் மண்டை உடைந்ததற்குச் சமம். வேலை போகாது; இலகுவான பணி கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆணையை ஸ்டேஷனில் நான்தான் வாசித்தேன். பந்தோபஸ்துக்கு முதல் நாள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகியவர்கள் நாங்கள். எங்கள் கஷ்டத்தை யாரோ ஒரு மேசையில் உட்கார்ந்து நினைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பதே பெரிதாக இருந்தது.

ஆனால் வசதி தந்ததற்கு அத்தாட்சி வேண்டுமே. அதற்காக வந்ததுதான் வசதிப் பதிவேடு. ஒரு டேப். அதில் ஒவ்வொரு பெண்ணின் பெயருக்கு எதிரிலும் நான்கு கட்டங்கள்: பத்து மணி, பன்னிரண்டு, இரண்டு, நான்கு. ரோஸ் வண்டி, அதாவது நடமாடும் கழிப்பறை, ஒவ்வொரு பாயிண்டிலும் நிற்கும். போய் வந்தவள் கட்டத்தில் கட்டைவிரல் வைக்க வேண்டும். எழுத்தர் நேரத்தைக் குறிக்க வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் சிவப்பு விளக்கு எரியும். உடனே இன்ஸ்பெக்டரை வயர்லெஸ் மைக்கில் கூப்பிட்டு, ஊரே கேட்கத் திட்டுவார்கள்.

பதினான்கு கிலோமீட்டர் சாலையில், நாற்பத்தைந்து டிகிரி வெயிலில், டேப்பைத் தூக்கிக்கொண்டு எத்தனை தடவை போய் வருவது? எங்கள் ஆட்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காலை அணிவகுப்பிலேயே ஆளுக்கு நான்கு கட்டத்திலும் கட்டைவிரலை வைத்துவிடுவார்கள். நேரத்தை நான் அந்தந்த வேளைக்குப் போட்டுக்கொள்வேன். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ரைட்டரம்மா வெயிலில் அலைய வேண்டாம் என்ற பாசம்தான். நானும் எல்லோருக்கும் ஒரே நேரம் போடமாட்டேன். ஒருத்திக்கு இரண்டு நாலு, அடுத்தவளுக்கு இரண்டு ஏழு, அதற்கடுத்தவளுக்கு இரண்டு பத்து. பார்த்தால் நிஜம் போலவே இருக்கும். என் எழுத்தில் யாரும் குறை சொல்ல முடியாது என்று சொன்னேனே, அந்தத் திறமை இதற்கும் பயன்பட்டது.

மூன்றாம் தேதி முக்கியப் பிரமுகர் பதினோரு மணிக்குக் கடந்து போக வேண்டும். போனது மாலை நாலு நாற்பதுக்கு. ரோஸ் வண்டி காலையிலேயே கூட்ட மேடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. மேடைக்கு வந்த பெண் பிரமுகர்களுக்காக. அதை அங்கிருந்து நகர்த்த எங்களில் யாருக்கும் அதிகாரம் இல்லை. ஒன்றரை மணி வாக்கில் நான் பைக்கில் போகும்போது மிருதுளா கைகாட்டி நிறுத்தினாள். இருபத்து மூன்று வயது. பணியில் சேர்ந்து எட்டு மாதம், தகுதிகாண் பருவம் முடியவில்லை. முகம் வெளுத்திருந்தது. வண்டி எங்கே வருகிறது என்று கேட்டாள். இந்தா வந்துரும் என்றேன். வராது என்று எனக்குத் தெரியும். சாலைக்கு இரண்டு பக்கமும் பொட்டல். ஒதுங்க ஒரு கருவேலஞ்செடி கூட இல்லை. தலைக்கு மேலே ட்ரோன் கேமரா சுற்றிக்கொண்டிருந்தது. அடுத்த பாயிண்டில் பைக்கை நிறுத்தி, முப்பத்திரண்டு பேருக்கும் இரண்டு மணிக் கட்டத்தை நிரப்பினேன்.

ஐந்தாம் நாள் அவளுக்குக் குளிர்க்காய்ச்சல். ஒன்பதாம் நாள் வலது சிறுநீரகம் முழுக்கச் சீழ். எடுத்தே ஆக வேண்டியதாகிவிட்டது. இடங்காணி தெளிவாகச் சொன்னது: வலது மேல், ஏறிய நாள் மூன்றாம் தேதி, மதியம் ஒன்றிலிருந்து நாலுக்குள்.

ஒரு சிறுநீரகத்தோடு தகுதிகாண் பருவத்தில் இருப்பவளை வைத்துக்கொள்ள விதி இல்லை. பணிநோய் என்றால் மட்டும் உண்டு. அப்பா இல்லாத பெண். மூன்று முறை தேர்வெழுதி வாங்கிய வேலை. விசாரணைக்கு வந்த டி.எஸ்.பி. ஞானதுரை நேர்மையானவர். ஒரு பக்கம் கருவியின் தாள், மறுபக்கம் என் பதிவேடு. பன்னிரண்டு மணிக்கும் போயிருக்கிறாள், இரண்டு பத்துக்கும் போயிருக்கிறாள், வசதி தரப்பட்டிருக்கிறது என்று வாசித்தார். இந்தப் பதிவு சரிதானே ஏட்டம்மா என்று கேட்டு, சான்றொப்பம் போடச் சொன்னார்.

போட்டேன். கையெழுத்து எப்போதும் போல அழகாகவே விழுந்தது. அதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

மறுநாள் மிருதுளாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைத் திட்டுவாள், பெட்ஷீட்டை முகத்தில் இழுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் தலையணையைச் சாய்த்து எழுந்து உட்காரப் பார்த்தாள். மேலதிகாரி வந்தால் படுத்திருக்கக் கூடாதாம்.

"நீங்க என்னக்கா செய்வீங்க? காலையில நான்தான நாலு தடவை வெரல் வச்சேன்," என்றாள்.

ஆறுதல் சொல்லப் போனவளுக்கு அவள் ஆறுதல் சொன்னாள். வெளியே வந்து மருந்துக் கடைப் படியில் உட்கார்ந்து, யூனிபாரத்தோடு அழுதேன். அழுது முடித்ததும் நேராக டி.எஸ்.பி. அலுவலகத்துக்குப் போனேன். பதிவேடு பொய், முப்பத்திரண்டு கட்டமும் நான் போட்டது, வண்டி வரவே இல்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

அவர் இரண்டு முறை படித்தார். உட்காரச் சொன்னார். பெண் போலீஸை உட்காரச் சொல்லும் அதிகாரி அபூர்வம். அதனால் ஏதோ கெட்ட செய்தி என்று புரிந்துவிட்டது.

"ஏட்டம்மா, நேத்து சரின்னு கையெழுத்துப் போட்டீங்க. இன்னைக்குப் பொய்யின்னு கையெழுத்துப் போடுறீங்க. ரெண்டும் உங்க கையெழுத்துதான். நீங்க எப்ப பொய் சொன்னீங்கன்னு நான் எத வச்சு முடிவு பண்றது?"

என் வேலையை எடுத்துவிடலாம், மிருதுளா வேலையைக் காப்பாற்ற முடியாது என்றார். வண்டி மேடைக்குப் பின்னால் நின்றதற்கு எங்கும் ஒரு வரி எழுத்தில்லை. வண்டி ஓட்டியவன் எல்லாப் பாயிண்டுக்கும் போனதாக எழுதிக் கொடுத்திருந்தான். அவனுக்கும் ஒரு பதிவேடு இருந்தது போலிருக்கிறது.

டாக்டர் ரஹ்மத் நிஷாவிடம் போனேன். அவர் யோசித்துவிட்டு, சாட்சி வேண்டுமென்றால் மனுஷர்களிடம் ஏன் கேட்கிறீர்கள் என்றார். அன்று நின்ற மற்றவர்களில் யாருக்காவது தொற்று மேலே ஏறியிருந்தால், எல்லோருக்கும் அதே மதியம் என்று வந்தால், எந்தப் பதிவேடும் எதிரே நிற்காது. நாற்பது நாளில் பதினாறு போய்விட்டது. மாத்திரை தின்றுவிட்டால் சட்டை அழிந்துவிடும், அதற்குள் கூட்டி வாருங்கள் என்றார்.

ஓய்வறையில் கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரிடமும் பேசினேன். யாரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. காரணங்கள் எல்லாம் நியாயமானவை. மேல் என்று வந்தால் பந்தோபஸ்து பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். பட்டியலில் இல்லாதவளுக்குப் பதவி உயர்வு தள்ளிப் போகும். ஒருத்திக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். சிறுநீரகத்தில் கோளாறு என்று காகிதத்தில் வந்தால் அதோடு சரி. பவதாரணி மட்டும் வாய் திறந்தாள்.

"அக்கா, அந்தப் புள்ளைக்கு நடந்தது கொடுமதான். ஆனா கட்டத்துல பொய் போட்டது நீங்க. அதுக்கு எங்க ஒடம்பத் தொறந்து காட்டச் சொல்றீங்களே?"

கேட்டது சரி. எனக்குக் கோபம்கூட வரவில்லை. வேறு யாரும் வராவிட்டால் நான் இருக்கிறேனே என்று தோன்றியது. அன்று காலை ஆறிலிருந்து மாலை ஐந்தரை வரை நானும் அதே சாலையில் இருந்தவள். இடுப்புக்கு மேலே பின்பக்கம் ஒரு வலி ரொம்ப நாளாகவே இருந்தது. பைக் ஓட்டுவதால் என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு மேலே ஏறியிருக்க வேண்டும், அதுவும் மூன்றாம் தேதி மதியமே ஏறியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு போனேன். தனக்கு வியாதி இருக்க வேண்டும் என்று எந்தப் பொம்பளையாவது வேண்டிக்கொள்வாளா? நான் வேண்டிக்கொண்டேன்.

கருவி வழக்கமாக நான்கு நிமிடம் எடுக்கும். எனக்கு இருபது நிமிடம் ஆனது. டாக்டர் இன்னொரு சொட்டு வைத்தார். பிறகு கருவியை அணைத்து, மறுபடி போட்டு, மூன்றாவது முறை பார்த்தார். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மேலதான் ஏட்டம்மா. ரெண்டு பக்கமும். ஆனா நாள் வரல."

"நாற்பது நாள் இன்னும் ஆகலையே டாக்டர்."

"அது முதல் தடவை ஏறினவங்களுக்கு. உங்களுக்கு ஏறியிருக்கு, அடங்கியிருக்கு, மறுபடி ஏறியிருக்கு. சட்டைக்கு மேல சட்டை, எண்ண முடியாத அளவுக்கு. இது ஒரு நாள் வேலை இல்ல. நீங்க சர்வீஸ்ல சேர்ந்ததுலேர்ந்தே இருக்கலாம்." என் ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துப் பார்த்துச் சொன்னார்: "சிறுநீரகம் ரெண்டும் சேர்ந்தே இப்ப கால்வாசி வேலைதான் செய்யுது."

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, ஏமாற்றம். ஒரே ஒரு மதியத்தைக் காட்டிக்கொடுக்கப் போனவள் இருபத்திரண்டு வருடத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன், அதற்குத் தேதி இல்லை. பயம் வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கைவைத்த பிறகு வந்தது. அன்று சாப்பிட முடியவில்லை.

ஓய்வறையில் கேட்டார்கள். மறைக்காமல் சொன்னேன். கால்வாசிதான் வேலை செய்கிறது என்பதையும் சொன்னேன். மிருதுளாவுக்காகக் கேட்டபோது அசையாதவர்கள், அன்று மாலையே இரண்டு பேர் பர்தா போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அடுத்த நாள் ஐந்து பேர். அடுத்தடுத்த நாள்களில் மீதிப் பேர், ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி. நியாயத்துக்காகப் போகவில்லை, நமக்கும் எண்ண முடியாத அளவுக்கு இருக்குமோ என்ற பயத்தில் போனார்கள். நான் யாரையும் குறை சொல்லவில்லை. பயம் எங்களை எத்தனையோ வருடம் வாயை மூட வைத்திருக்கிறது. ஒரு தடவை நல்லதுக்கும் ஆகட்டுமே.

என்னையும் மிருதுளாவையும் விட்டால் மீதி முப்பது பேர். அவர்களில் ஒன்பது பேருக்கு 'மேல்' என்று வந்தது. ஒன்பது பேருக்கும் மூன்றாம் தேதி, மதியம் ஒன்றிலிருந்து நாலுக்குள். பவதாரணியும் அதில் ஒருத்தி. ஒன்பது பேர் பெயருக்கு எதிரிலும் என் பதிவேட்டில் இரண்டு மணிக் கட்டம் அழகாக நிரம்பியிருந்தது. தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்த ஞானதுரை, கிருமி கட்டைவிரல் வைக்காது என்று மட்டும் சொன்னாராம்.

மிருதுளாவின் நோய் பணிநோய் என்று ஏற்கப்பட்டது. வேலை நிலைத்தது. ஆணை வந்த அன்று அவள் எனக்குப் போன் செய்து பேச முடியாமல் அழுதாள். நானும் அழுதேன். அந்த ஒரு நாள் மனசு நிறைவாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன்.

மற்றதெல்லாம் அப்படி இல்லை. பொய்ப் பதிவுக்காக என்னைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். என் நோய் பணிநோய் ஆகவில்லை. எந்த டியூட்டியில் ஏறியது என்று காட்டத் தேதி இல்லையாம். ஆணையில் அதற்கு இடமில்லை. ஒன்பது பேரும் பந்தோபஸ்து பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். பவதாரணிக்கு அந்த வருடம் வர வேண்டிய தலைமைக் காவலர் பதவி வரவில்லை. என்னைச் சந்தையில் பார்த்தால் அடுத்த சந்தில் திரும்பிவிடுகிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மிருதுளாவுக்கு இலகு பணி என்றால் ஸ்டேஷனுக்குள் உட்கார்ந்து செய்யும் வேலை. என் நாற்காலி காலியாக இருந்தது. அதில் அவளைப் போட்டார்கள். முத்து முத்தான கையெழுத்து, பிழையில்லாத தமிழ், வேலை சீக்கிரம் கற்றுக்கொள்கிறாள் என்று இன்ஸ்பெக்டர் மேடம் எல்லோரிடமும் சொல்வாராம். கேட்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நாலு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை மதியம். ரத்தச் சுத்திகரிப்புக்காக ஆஸ்பத்திரியில் கையை நீட்டிப் படுத்திருந்தேன். மிருதுளா போன் செய்தாள். பின்னால் காற்று இரைச்சல், விசில், மைக் சத்தம். ஏதோ சாலையில் நிற்கிறாள் என்று தெரிந்தது. இலகு பணியில் இருப்பவளை ஏன் வெயிலுக்கு அனுப்பினார்கள் என்று கேட்டேன். டேப்பை எழுத்தர்தானே எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்றாள்.

"வண்டி வரலைக்கா. மேடைக்கிட்டயே நிக்குது. நாலு தடவை மைக்ல கேட்டுட்டேன்."

காலியாக விடு, சிவப்பு விளக்கு எரியட்டும், திட்டினால் திட்டட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுக்குத்தான் அதைச் சொல்லும் உரிமை இந்த மாவட்டத்திலேயே அதிகம். ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்து வாங்கிய உரிமை. நான் பேசுவதற்குள் அவள் தணிந்த குரலில் சொன்னாள்.

"போட்டுட்டேன்க்கா. இருபத்தாறு பேருக்கும் போட்டுட்டேன்."

அவள் என்னிடம் யோசனை கேட்கவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்பதற்காகக் கூப்பிட்டிருக்கிறாள். அவளைத் திட்ட எனக்கு வாய் இல்லை.

"நீ போனியா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா," என்றாள் மிருதுளா.